இரண்டு வயதுப் புது வண்டி

புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும் இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். திங்கட்கிழமை முதல் உங்களில் ஒருவர் என் மேசையில் உட்காரப் போகிறீர்கள். எட்டு வருடம் நான் உட்கார்ந்த நாற்காலி அது. இடப் பக்கம் ஆடும், சாய்ந்து உட்காராதீர்கள். நான் காரைக்கால் கிளைக்குப் போகிறேன். அங்கே எனக்கு விற்பனை வேலை கிடையாது, விற்பவர்களைப் பழக்குகிற வேலை. அப்பா கரும்பு வெட்டப் போவார், அம்மா களையெடுக்கப் போவார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பண்டசோழநல்லூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து நேர்காணலுக்கு வந்த அன்று, இந்தக் கார் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ள வேண்டும் என்று தெரியாமல் வெகுநேரம் இழுத்துக்கொண்டு நின்றேன். உள்ளிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து திறந்துவிட்டார். அப்படிப்பட்டவனை இன்று பழக்குவதற்கு அனுப்புகிறார்கள் என்றால், அதில் எனக்குப் பெருமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மைலேஜ், இன்ஜின், கடன் காகிதம் எல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். மிஞ்சிப்போன வண்டியைப் பற்றி யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

ஒரு வருடத்தில் தயாரான வண்டி அந்த வருடத்துக்குள் விற்காவிட்டால், ஜனவரி முதல் தேதி காலையில் அது போன வருடத்து வண்டியாகிவிடும். ஓரடி ஓடியிருக்காது, சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரித்திருக்க மாட்டார்கள், ஆனாலும் வயது ஒன்று கூடிவிடும். நம் பக்கத்தில் இப்படி மிஞ்சுவது அதிகம். காரணம் மார்கழி. கம்பெனி பெரிய தள்ளுபடி தருவது டிசம்பர் கடைசியில். அந்த நேரத்தில் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் ஜனங்கள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், வண்டி எடுக்க மாட்டார்கள். தை பிறந்ததும் பணத்தோடு வருவார்கள். அதற்குள் வண்டிக்கு வயது கூடியிருக்கும், தள்ளுபடி முடிந்திருக்கும். நம் பேரமெல்லாம் இந்த இரண்டு காலண்டருக்கும் நடுவில்தான் நடக்கிறது.

நான் சேர்ந்து மூன்றாவது வருடம். மார்கழி முதல் வாரத்தில் மடுகரையிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவர் பெயர் ஏழுமலை. மனைவி அஞ்சலை.

"பாக்கத்தான் வந்தோம், வாங்க இல்ல. மார்கழி பொறந்துடுச்சி" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் அஞ்சலை அக்கா செருப்பைக் கழற்றினார். செருப்போடு வரலாம் என்றேன். "இருக்கட்டும்பா, தரைய பாத்தா தட்டுல சோறு போட்டுத் துன்னலாம் போல இருக்குது" என்றார்.

ஏழுமலை அண்ணன் இருபத்திரண்டு வருடமாக ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுபவர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், தொடவில்லை. அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஸ்டீரிங் புடிச்சி இருவத்திரெண்டு வருசம் ஆவுது தம்பி. ஒண்ணுகூட என்னுது இல்ல. தையில என் பொண்ணு சங்கீதாவுக்குக் கல்யாணம், பாகூர் மண்டபத்துல. பொண்ணழைப்புக்கு அவள என் வண்டியில, நானே ஓட்டினு போயி எறக்கணும்."

"இதச் சொல்லிச் சொல்லியேதான் பத்து வருசமா என்ன சீட்டு கட்ட வெச்சிட்டாரு" என்றார் அக்கா. "கடன் போவ மீதிக்கு அந்தச் சீட்டுதான். அதுக்கு மேல கேட்டீனா, நாங்க டவுன் பஸ்லயே போய்க்கறோம்."

புத்தம் புது வண்டிக்கு அவர்கள் கணக்கு எட்டாது. ஆனால் விற்காத வண்டிகளை நிறுத்தி வைக்கிற யார்டில் மூன்று வண்டிகள் மிஞ்சிக்கொண்டிருந்தன. அதில் வெள்ளி நிற வண்டியைக் காட்டினேன். விலையைச் சொன்னேன். அக்கா உடனே ஒரு கேள்வி கேட்டார். அதுவரை எந்த வாடிக்கையாளரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"நாங்க தையில எடுத்தா, இது போன வருசத்து வண்டி ஆயிடும்ல? அதுக்கு இன்னா கொறைப்ப?"

"அதுக்கும் குறைச்சுத் தரேன் அக்கா. ஒரு சின்ன அட்வான்ஸ் மட்டும் போட்டுட்டுப் போங்க."

"மார்கழியில பணம் கை மாறாதுபா. உன் வாயால சொல்லு, போதும்."

சொன்னேன். "வெள்ளி வண்டி உங்களுக்குத்தான்" என்றேன். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எங்கள் ஊரில் வாய்ச்சொல்லுக்கு நிலத்தையே குத்தகைக்கு விடுவார்கள், ஒரு வண்டிக்கு என்ன என்று நினைத்தேன். ஷோரூம் கம்ப்யூட்டருக்கு வாய்ச்சொல் தெரியாது என்பதை நினைக்கவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் அறுவடைக்காக இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்தால் மூன்று வண்டிகளும் இல்லை. விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு டிராவல்ஸ்காரர் மூன்றையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு போயிருந்தார். அப்போது நம் கிளைக்கு மேலாளராக இருந்தவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஓடினேன்.

"சிஸ்டத்துல பேர் இருந்துச்சா?" என்றார்.

"இல்ல மேடம்."

"அட்வான்ஸ் ரசீது?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எதை வெச்சி உன் வண்டின்ற?"

மேடம் கண்ணாடி வழியாக யார்டின் கடைசி மூலையைக் காட்டினார். அங்கே ஒரு வெள்ளை வண்டி நின்றது. யாரோ கேட்டு வரவழைத்து, கடன் கிடைக்காமல் விட்டுப்போனது. கொஞ்ச நாள் ஷோரூமில் பார்வைக்கு நின்றது. அப்புறம் பின்வரிசைக்குப் போய் எல்லோருக்கும் மறந்துபோனது. தயாராகி ஏறக்குறைய இரண்டு வருடம். அதற்குள் கம்பெனி அந்த மாடலின் முகப்பையே மாற்றிவிட்டது.

"அதைக் குடு. விலை கம்மிதான், சந்தோஷமா எடுத்துப்பாங்க. வருஷத்தைப் பத்தி நீயா பேசாத. கேட்டா, நமக்கு வருஷம் சித்திரையிலதானே மாறுதுன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லு. நான் எத்தனை வண்டி அப்படித் தள்ளியிருக்கேன் தெரியுமா?"

நல்ல வசனமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

தை நான்காம் தேதி இருவரும் வந்தார்கள். அக்கா புதுப்புடவை. பையில் தேங்காய், எலுமிச்சம்பழம், வாழையிலையில் சுற்றிய மாலை. வெள்ளி வண்டிக்கு மாலை. அவர்கள் உட்கார்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"அந்த வண்டியை வித்துட்டாங்க அக்கா. நான் எழுதி வைக்கலை. தப்பு என்னுதுதான்."

ஏழுமலை அண்ணன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா உட்காரவில்லை.

"உன் வாயாலதானே சொன்ன? அந்த வாய இன்னா, அடமானம் வெச்சிட்டியா?" என்றார். "பத்திரிகை அடிச்சி வூட்டுக்கு வூடு குடுத்தாச்சி. பொண்ணு அப்பன் வண்டியிலதான் வருதுன்னு ஊரு பூரா சொல்லினு திரியறாரு இந்த மனுசன். இப்ப நான் இன்னா சொல்றது?"

ஷோரூமில் எல்லா மேசைகளும் எங்களைப் பார்த்தன. நான் வெள்ளை வண்டியைப் பற்றிச் சொன்னேன். வெள்ளி வண்டியைவிட விலை குறைவு என்றேன். அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"வெள்ளையா? பூ வெச்சா எடுப்பா இருக்கும்ல அஞ்சல?"

அக்கா என்னைப் பார்த்தார். "அது எந்த வருசத்து வண்டி?"

என் வாயிலிருந்து அதுவாக வந்தது. "நமக்கு வருஷம் சித்திரையிலதானே அக்கா மாறுது."

"ஓகோ. அப்ப உனக்குச் சம்பளமும் சித்திரைக்குச் சித்திரைதான் குடுக்கறாங்களா?"

பக்கத்து மேசைகள் சிரித்தன. அண்ணனும் சிரித்தார், அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கேள்வி அந்தச் சிரிப்பில் கரைந்துபோனது. மேடம் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போதுதான் புரிந்தது. பயமாகவும் இருந்தது. படிவத்தை எடுத்து வைத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு சின்னப் புள்ளியும் வைத்தேன்.

ஏழுமலை அண்ணன் பேனாவை எடுக்கவில்லை. காகிதத்தை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"படி தம்பி. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நீ படி, நான் கேட்டுக்கறேன்."

எங்கள் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படிப்பேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து அப்படி. ரேஷன் கடைக் காகிதம், கூட்டுறவு வங்கி நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு. அப்பா எதிரில் உட்கார்ந்து, நான் படிக்கிற வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் படித்ததுதான் அவருக்குக் காகிதம். புரியாத சொல் வந்தால் எழுத்துக்கூட்டியாவது படிப்பேனே தவிர ஒரு வரியை விட்டதில்லை. விட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. தெரியாது என்பதனாலேயே விட்டதில்லை.

படிக்க ஆரம்பித்தேன். பெயர், ஊர், வண்டியின் நிறம், சேஸிஸ் எண். அடுத்த வரி, தயாரான மாதமும் வருடமும். அறைக்குள்ளிருந்து மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வரியைத் தாண்டினால் வண்டி விற்றுவிடும், கல்யாணம் நடக்கும், எல்லோரும் சிரித்தபடியே வீட்டுக்குப் போவார்கள். எதிரில் அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்தேன். மாதத்தையும் படித்தேன், வருடத்தையும் படித்தேன்.

அக்கா விரல் விட்டு எண்ணினார். "ஏங்க, இது நம்ம சங்கீதா நர்சிங் முடிச்ச வருசம் செஞ்ச வண்டி." அப்புறம் என்னிடம், "சித்திரைன்னியே தம்பி?" என்றார்.

"அது விக்கறதுக்காகச் சொன்ன பேச்சு அக்கா. இதுதான் நிஜம். வேணாம்னா விட்டுடுங்க. வேற கிளைங்கள்ல தேடிப் பார்க்கறேன். ஆனா கல்யாணத்துக்குள்ள கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அண்ணன் எழுந்தார். போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"வண்டி எங்க நிக்குது?" என்றார்.

இதற்கப்புறம் நடந்ததுதான் நான் பார்த்ததிலேயே நல்ல பேரம். மனிதருக்குக் கார் மாடல் எதுவும் தெரியாது. ஆனால் நின்றுபோன வண்டி தெரியும். கரும்பு சீசன் முடிந்தால் அடுத்த சீசன் வரை டிராக்டர் ஷெட்டில் நிற்கும், மறுபடி கிளப்புவது அவர் பொறுப்பு. யார்டுக்குப் போனதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் முட்டி போட்டார். டயரைக் கட்டைவிரலால் அழுத்தி, "ஒரே பக்கம் குந்தினு இருந்திருக்குது. ஓட்டினா தடதடக்கும்" என்றார். பானட்டைத் திறந்தோம். உள்ளே பக்கத்து வயலின் வைக்கோலை இழுத்து வந்து எலி கூடு கட்டியிருந்தது.

"பாரு அஞ்சல, நமக்கு முன்னாடியே ஒரு குடும்பம் குடித்தனம் பண்ணிட்டுப் போயிருக்குது."

"அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துச்சான்னு கேளு" என்றார் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே.

சிரித்து முடித்துவிட்டு அண்ணன் கேட்டவை இவை: நாலு டயரும் புதுசு, பேட்டரி புதுசு, எலி கடித்த ஒயர் மொத்தமும் மாற்ற வேண்டும், வண்டி எடுக்கிற நாளிலிருந்துதான் வாரண்டி என்று எழுத்தில் வேண்டும். அக்கா கேட்டது ஒன்றுதான்: ஒரு வயதுக்குக் குறைப்பதாகச் சொன்ன தொகையை இரண்டு வயதுக்கும் குறைக்க வேண்டும்.

நான் அந்தப் பட்டியலோடு மேடம் அறைக்குப் போனேன்.

"யாரு உன்னை வாயைத் திறக்கச் சொன்னது?" என்றார்.

"படிக்கச் சொன்னாங்க மேடம். படிச்சேன்."

அந்த மாத விற்பனை குறைவு என்று மேலிடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. நான் விடாமல் சொன்னேன். "வருஷம் தெரிஞ்சும் வேணும்னு நிக்கிற ஒரே ஆளு இவங்கதான். இன்னொரு வருஷம் நின்னா அந்த வண்டியில எலி மட்டும்தான் மிஞ்சும்."

"டயர் ரெண்டு தரேன். நாலு முடியாது."

வெளியே வந்து சொன்னேன். அக்கா ஒரே வார்த்தையில் முடித்தார். "ஒரு காலுக்குப் புதுச் செருப்பு, ஒரு காலுக்குப் பழைய செருப்பு மாட்டினு உங்க மேடம் நடப்பாங்களான்னு கேட்டுட்டு வா."

கதவு திறந்துதான் இருந்தது. மேடத்துக்கே கேட்டுவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "சீட் கவர் கிடையாது, மேட் கிடையாது. இந்த வண்டிக்கு எது ஆனாலும் பொறுப்பு நீ" என்றார். ஒத்துக்கொண்டேன். இரண்டு நாள் சர்வீஸ் பிரிவில் மெக்கானிக் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ஒயரையும் பார்த்தேன். அந்த இரண்டு நாளில் எனக்கு வர வேண்டிய ஒரு வாடிக்கையாளர் வேறு மேசைக்குப் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை கடைசி வாரத்தில் கல்யாணம். பத்திரிகை கொடுத்திருந்தார்கள், பொண்ணழைப்புக்கே போய்விட்டேன். மண்டப வாசலில் மேளம், பட்டாசு. வெள்ளை வண்டி வந்து நின்றது. அண்ணன் புதுச் சட்டையில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பானட் முழுக்க மல்லிகை. பின்கதவைத் திறந்து சங்கீதா ஒரு காலை வெளியே வைக்கிற நேரம், மாப்பிள்ளையின் சித்தப்பா முன்னால் வந்தார். பாகூரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்.

"இன்னா சம்பந்தி, புது வண்டின்னீங்க? இது பழைய மூஞ்சியாச்சே. இந்த லைட்டு மாறி ஒண்ணரை வருசம் ஆவுது. எவனோ நல்லா உங்க தலையில கட்டிட்டான் போல."

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு வரியை அன்று நான் தாண்டியிருந்தால், இரு வீட்டு ஜனமும் நிற்கிற இடத்தில், மகள் ஒரு காலை வெளியே வைத்திருக்கிற நேரத்தில்தான் அண்ணன் அதை முதன்முதலாகக் கேட்டிருப்பார்.

ஏழுமலை அண்ணன் நிதானமாக இறங்கினார்.

"தலையில கட்டலீங்க. தெரிஞ்சேதான் வாங்கனது" என்றார். மாதத்தைச் சொன்னார், வருடத்தைச் சொன்னார், ஜாதகம் சொல்வதுபோல. "நாலு டயரும் புதுசு, பேட்டரி புதுசு, ஒயரு புதுசு. எலி எந்த மூலையில கூடு கட்டியிருந்துச்சின்னுகூட காட்றேன், வரீங்களா? ரெண்டு வயசுக்கும் கொறைச்சி வாங்கினோம். தோ நிக்குதே, அந்தத் தம்பிதான் ஒரு வரி உடாம படிச்சிக் காட்டுச்சி."

அக்கா சும்மா விடுவாரா? "எந்த வருசம் பொறந்தவருன்னு கேட்டுட்டுத்தானே மாப்பிள்ளைய எடுத்தோம்? வண்டிய மட்டும் கேக்காமயா எடுப்போம்?"

மண்டப வாசலே சிரித்தது. மாப்பிள்ளைதான் அதிகமாகச் சிரித்தார். மேளம் மறுபடி ஆரம்பித்தது. சங்கீதா இன்னொரு காலையும் எடுத்து வைத்து இறங்கினாள். சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். பானட்டைத் திறந்து காட்டும்படி கேட்கவில்லை. "உங்க யார்டுல இந்த மாதிரி இன்னும் நிக்குதா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பங்குனியில் வந்து ஒன்று எடுத்தார். அதன்பிறகு இத்தனை வருடத்தில் மடுகரை, பாகூர் பக்கத்திலிருந்து என் மேசையைக் கேட்டுக்கொண்டு வந்தவர்களை நான் எண்ணியதில்லை. ஆனால் அவர்கள் உட்கார்ந்ததும் சொல்கிற முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "படி தம்பி." மேடம் மாற்றலாகிப் போவதற்கு முன், மிஞ்சின வண்டி எதற்கும் அந்த வரியைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எல்லா மேசைக்கும் சொல்லிவிட்டுப் போனார். சித்திரை வசனத்தை அவர் அப்புறம் சொல்லி நான் கேட்டதில்லை.

என் தப்பிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இது. மார்கழி பிறந்த பிறகு அட்வான்ஸ் கேட்காதீர்கள். கார்த்திகை கடைசி வாரத்திலேயே ஊர் ஊராகப் போய்விடுங்கள். வாங்குகிற எண்ணம் உள்ளவர்களிடம் அப்போதே முன்பணம் வாங்கி, அவர்கள் பெயரை சிஸ்டத்தில் ஏற்றி, சாவியைத் தையில் கொடுங்கள். ஐந்து வருடமாக நான் அப்படித்தான் செய்கிறேன். அதற்கப்புறம் யாரிடமும் அடமானம் வைத்த வாயோடு நான் நிற்க வேண்டி வரவில்லை. வயது கூடிய வண்டி என்றால், விலையைச் சொல்வதற்கு முன் வயதைச் சொல்லுங்கள். பேரம் கடினமாகத்தான் இருக்கும். அவர்கள் நன்றாகப் பேரம் பேசட்டும், நீங்களும் பேசுங்கள்.

அந்த வெள்ளை வண்டி இன்னமும் நம்மிடம்தான் சர்வீசுக்கு வருகிறது. அடுத்த மாதம் வரும். ஏழுமலை அண்ணனுக்கு ஒரு நாற்காலி போடுங்கள், என் நாற்காலி வேண்டாம், ஆடும். டீ சொல்லுங்கள். வண்டி எந்த மாதம், எந்த வருடம் செய்தது என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அவரே சொல்வார்.